கேரியருக்கு ஸ்பிரிங் இல்லை
சக்கரம் வந்த வழி – 11

கடலூரிலிருந்து பண்ருட்டி போகும் சாலையில், தென்பெண்ணைக்கும் கெடிலத்துக்கும் நடுவே, கரும்புக்கென்றே வாய்த்த மண்ணில் இருக்கிறது நெல்லிக்குப்பம். பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை இங்கே எழுந்தது 1842இல். சென்னையிலிருந்து முதல் பயணிகள் ரயில் புறப்பட அப்போது இன்னும் 14 ஆண்டுகள் பாக்கி. வயலில் வெட்டிய கரும்பு ஆலைக்கு வர மாட்டு வண்டிதான் வழி. மரச்சக்கரம், அதைச் சுற்றி இரும்புப் பட்டை. அவ்வளவு பாரமும் விரற்கடை அகலப் பட்டையில் நின்று நகரும்போது கப்பிச் சாலை தாங்குமா? அரவைக் காலம் முழுக்க வண்டிகள் ஒரே தடத்தில் போகும். ஒரு மழைக்குத் தடம் பள்ளமாகும். பத்து நாள் வெயிலுக்கு அந்தப் பள்ளத்தின் விளிம்பு கல்லாக இறுகும்.

போன இதழில் 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியதைப் பார்த்தோம். முருகப்பா குடும்பமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் கூட்டுச் சேர்ந்து ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் என்று வண்டிகளை வெளியே விட்டன. அதே முருகப்பா குழுமத்தின் கைக்கு 1981இல் பாரியும் வந்துசேர்ந்தது. கரும்புச் சாலையும் அதில் ஓடிய சைக்கிளும் ஒரே குடும்பத்துக் கணக்கில் ஏறியது வரலாற்றின் சின்னக் குறும்பு. அதற்குள் டயர் வண்டியும் டிராக்டரும் வந்துவிட்டதால் குறும்பு கொஞ்சம் தாமதமாகத்தான் பலித்தது.

இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டது அந்தச் சாலையில் போன சைக்கிளின் அதிர்வு. அதை யார் குறைத்தார்கள், எதைக் கொண்டு குறைத்தார்கள், யாருக்காகக் குறைத்தார்கள் என்பது. முதல் இரண்டு கேள்விக்கும் புத்தகங்களில் பதில் தாராளமாகக் கிடைக்கிறது. மூன்றாவதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

முதலில் உடம்பு. உட்கார்ந்திருக்கும் மனித உடல் மேலும் கீழுமாக ஆடும் அதிர்வில் எல்லாவற்றையும் ஒரே மாதிரி உணர்வதில்லை. விநாடிக்கு 4 முதல் 8 முறை வரும் ஆட்டம்தான் அதிகம் உறுத்தும். வயிறும் முதுகெலும்பும் அதோடு சேர்ந்து ஆடத் தொடங்கும் வீதம் அது. இப்போது ஒரு கணக்குப் போடலாம். மணிக்கு 15 கிலோமீட்டர் என்பது நம் ஊர்ச் சைக்கிளின் நிதானமான வேகம். விநாடிக்கு நாலு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். சாலையில் மீட்டருக்கொரு மேடு இருந்தால் விநாடிக்கு நாலு குலுக்கல். அரை மீட்டருக்கொரு மேடு என்றால் எட்டு. கெட்ட சாலையும் சாதாரண வேகமும் சேர்ந்து, உடம்பு எதைத் தாங்காதோ அதையே தேடிக் கொடுக்கின்றன. கைக்கு வரும் தொல்லை வேறு மாதிரி. ஹேண்டில்பாரில் உள்ளங்கை அழுந்தி அழுந்தி, அடிப்பக்கத்து நரம்பு நசுங்கி, மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போகும். நெடுந்தூரம் மிதித்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

1860களில் பாரிஸில் மிஷோ பட்டறை செய்து விற்ற மிதிவண்டிக்கு மரச்சக்கரம், இரும்புப் பட்டை. நம் கரும்பு வண்டியின் அதே சக்கரம்தான், கொஞ்சம் இளைத்தது. இங்கிலாந்தில் அதற்கு வைத்த பட்டப்பெயர் எலும்புகளை உலுக்குவது என்ற பொருளில் அமைந்தது. ஆனால் அந்த வண்டியிலேயே ஒரு மருந்தும் இருந்தது. இருக்கையை நேராகச் சட்டத்தில் அறையாமல் நீளமான எஃகுப் பட்டை ஒன்றின் மேல் வைத்திருந்தார்கள். ஆக, சீட்டுக்கு ஸ்பிரிங் என்ற யோசனைக்கும் மிதிவண்டிக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

அடுத்து வந்தவர்கள் சக்கரத்தைப் பெரிதாக்கினார்கள். 1870இல் ஜேம்ஸ் ஸ்டார்லி கொண்டுவந்த ஏரியல் வண்டியின் முன்சக்கரம் ஆள் மார்புயரம் இருக்கும். பெரிய சக்கரம் சின்னப் பள்ளத்தில் விழாது, தாண்டிப் போய்விடும். ஆள் விழுந்தால் மட்டும் தலைகுப்புற விழுவான். அந்த ஆபத்துக்குப் பயந்து 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் சக்கரங்களைச் சிறியதாக்கி, சங்கிலி பூட்டித் தரைக்கு இறக்கியது. உயிர் பிழைத்தது, அதிர்வு திரும்ப வந்தது. அந்த மூன்று நான்கு ஆண்டுகளில் இங்கிலாந்தில் அதிர்வு தடுக்கும் சாதனங்களுக்குக் காப்புரிமை கேட்டுக் குவிந்த மனுக்கள் கொஞ்சநஞ்சமல்ல. அவற்றில் அறிவாளித்தனமானது லின்லி அண்ட் பிக்ஸ் கம்பெனியின் விப்பெட். சீட், பெடல், ஹேண்டில்பார் மூன்றையும் ஒரு முக்கோணமாகக் கட்டி, அந்த முக்கோணத்தை மொத்தமாக ஸ்பிரிங்கில் தொங்கவிட்டார்கள். சக்கரம் எவ்வளவு ஆடினாலும் காலுக்கும் சீட்டுக்கும் உள்ள தூரம் மாறாது. இன்றைய மலைப்பாதைச் சைக்கிள் வடிவமைப்பாளருக்குக்கூட அதைப் பார்த்தால் பொறாமை வரும்.

ஒரு மாட்டு வைத்தியர் அதை ஒழித்துக்கட்டினார். பெல்ஃபாஸ்ட்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், மகனின் மூன்று சக்கர வண்டி கல் பாவிய தெருவில் தடதடப்பதைப் பார்த்து, ஒரு மரத்தட்டைச் சுற்றி ரப்பர் ஷீட்டில் குழாய் செய்து, துணி உறை போட்டு ஆணியடித்தார். காற்றடித்து முற்றத்தில் உருட்டிவிட்டார். பக்கத்தில் பழைய சக்கரத்தையும் உருட்டினார். பழையது பாதியில் படுத்தது, புதியது முற்றத்தின் கோடிவரை ஓடியது. 1888இல் காப்புரிமை கிடைத்தது. அடுத்த ஆண்டு பெல்ஃபாஸ்ட் பந்தயத்தில் வில்லி ஹ்யூம் காற்று டயர் வண்டியில் வென்றதும் மற்றதெல்லாம் பழங்கதை. பாவம் டன்லப், 1890இல் அந்தக் காப்புரிமை செல்லாது என்றாகிவிட்டது. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845லேயே அதைப் பதிந்து வைத்திருந்தார். குதிரை வண்டிக்கு, அப்போது சைக்கிளே இல்லை.

டன்லப் கதையை எல்லோரும் இங்கே முடித்துவிடுவார்கள். நெல்லிக்குப்பம் இருந்த தென் ஆற்காடு மாவட்டத்துக்காரர்கள் முடிக்க முடியாது. டன்லப்புக்குப் பிறகு ரப்பருக்கு வந்த பசி சாதாரணமானதல்ல. முதலில் 1890களின் சைக்கிள் மோகம், அதன் பின்னால் மோட்டார். பிரேசிலின் காட்டு ரப்பர் போதவில்லை. 1876இல் ஹென்றி விக்கம் அமேசான் காட்டிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன விதைகள் சுமார் 70,000. முளைத்தவற்றில் பெரும்பகுதி இலங்கையில் கம்பஹா பக்கத்து ஹெனரத்கொட தோட்டத்துக்கு வந்தது. அங்கிருந்து மலாயா. சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் ஹென்றி ரிட்லி, ரப்பர் நடுங்கள் என்று கண்ட தோட்டக்காரரிடமெல்லாம் நச்சரித்து, பைத்தியக்காரர் என்று பெயர் வாங்கினார். நட்ட மரத்தில் பால் வெட்ட ஆள் வேண்டுமே! கங்காணிகள் தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காடு, தென் ஆற்காடு என்று ஊர் ஊராக ஆள் சேர்த்து, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேற்றினார்கள். விடியுமுன் பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்று பெயர் கொடுத்து, பால் மரத்துக்குப் போன அந்த ஆணும் பெண்ணும் வடித்த பால்தான் டயராகவும் டியூபாகவும் திரும்பி வந்தது. நெல்லிக்குப்பம் சாலையில் ஒரு சைக்கிளின் தடதடப்பைக் குறைத்தவர்களில், அதே மாவட்டத்திலிருந்து கப்பலேறியவரும் உண்டு. விலை மலிந்த ரப்பர் என்று வரலாற்றுப் புத்தகங்கள் எழுதும்போது எவர் உழைப்பை மலிவாக்கி அந்த விலை வந்தது என்பதையும் ஒரு வரி எழுதலாம்.

இனி நம் வண்டிக்கு வருவோம். உயரமான கறுப்புச் சைக்கிள், ஊரில் ஜென்ட்ஸ் வண்டி. அதை வெறும் பாரவண்டி என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள் ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும். 28 அங்குலச் சக்கரம், ஒன்றரை அங்குல டயர். சக்கரங்களுக்கு இடையில் தாராளமான தூரம், நடுமையத்திலிருந்து நடுமையத்துக்கு ஏறக்குறைய 115 சென்டிமீட்டர். முன் ஃபோர்க் நேராக இறங்காமல் சாய்ந்து இறங்கி, நுனியில் வளைந்து முன்னே நீளும். மேட்டில் ஏறும்போது அந்த வளைவே லேசாக நெகிழ்ந்து கொடுக்கும். முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. சீட் தோல். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ப்ரூக்ஸ் கம்பெனி 1882இல் காப்புரிமை பெற்ற தோல் சீட்டின் வம்சம் அது. தோலை இரண்டு முனையில் இழுத்துக் கட்டித் தொங்கவிட்டு, அடியில் சுருள் ஸ்பிரிங் வைப்பது முறை. ஓட்டுகிறவரின் உடம்புக்கும் சாலைக்கும் நடுவில் காற்று, கம்பி, வளைந்த ஃபோர்க், சுருள், தோல் என்று ஐந்து தடுப்பு. 1950களில் ஒரு கிளார்க்கோ வாத்தியாரோ ஆலைத் தொழிலாளியோ வாங்கக்கூடிய விலையில் இதைவிட நல்ல ஏற்பாட்டை இன்றைக்கும் யாரும் செய்துவிடவில்லை என்பது என் கட்சி.

எல்லாம் ஓட்டுகிறவருக்கு.

ஓட்டுகிறவர் தனியாகவா போனார்? டபுள்ஸ் போனால் அபராதம் என்று இருந்த காலத்திலும் டபுள்ஸ்தான் போனோம். பின்னால் கேரியரில் மனைவி ஒருக்களித்து உட்கார்ந்திருப்பார், மடியில் கைக்குழந்தை. முன்னால் பாரில் இன்னொன்று. கேரியர் என்பது என்ன? நாலைந்து இரும்புக் கம்பி. அதன் கால்கள் பின்சக்கரத்தின் அச்சிலேயே முடுக்கப்பட்டிருக்கும். நடுவில் சுருளும் இல்லை, தோலும் இல்லை.

இதை எண்ணில் சொன்னால்தான் புரியும். பின்சக்கரம் ஒரு கல்லில் ஏறி 2 சென்டிமீட்டர் எழும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். சட்டம் முன்சக்கர அச்சை ஊன்றிக்கொண்டு நெம்புகோலாகத் தூக்கும். சீட் பின்அச்சுக்கு ஒரு சாண் முன்னால் இருப்பதால் ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர்தான் எழும்பும்; அதிலும் ஒரு பங்கைச் சுருள் விழுங்கிவிடும். பாரின் நடுவில் இருக்கும் குழந்தைக்கு ஒரு சென்டிமீட்டர். முன்சக்கரம் ஏறும்போதும் அதற்கு இன்னொரு ஒரு சென்டிமீட்டர் உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேரியரில் இருப்பவருக்கோ முழு இரண்டும், ஒரு பைசா தள்ளுபடி இல்லாமல்.

இன்னொன்று. கேரியரில் ஆள் ஏறினால் அந்தப் பாரம் முழுக்கப் பின்சக்கரத்தில் இறங்கும். காற்று குறைவாக இருந்தால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கிக் கடிபடும். அதனால் சைக்கிள் கடைக்காரர் என்ன செய்வார்? டபுள்ஸா என்று கேட்டுவிட்டுப் பின்சக்கரத்துக்கு நாலு அடி கூடுதலாக அடிப்பார். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, இறங்கவில்லை என்று உறுதியான பிறகுதான் பம்பை எடுப்பார். டியூப் பிழைக்கும். இறுகிய டயர் அடியைக் குறைக்காமல் அப்படியே மேலே அனுப்பும். பின்னால் ஆள் இருப்பதாலேயே பின்னால் இருக்கும் ஆளுக்குக் கூடுதல் அடி. எந்தக் கம்பெனி வரைபடத்திலும் இந்தச் சிக்கலுக்குத் தீர்வு கிடையாது. கேரியர் சுமைக்கு என்றுதான் அவர்கள் எழுதி வைத்திருந்தார்கள்.

தீர்வு தெருவில் வந்தது, பல தீர்வாக வந்தது. நாலாக மடித்த சாக்கு. அதன் மேல் துண்டு. பாரில் குழந்தைக்கு ஒரு துண்டைச் சுற்றிக் கட்டுவது, அல்லது கடையில் விற்ற குட்டிச் சீட்டை மாட்டுவது. ஸ்பான்ஜ் வைத்து ரெக்ஸின் தைத்த கேரியர் சீட் பின்னால் வந்தது. டெய்லருக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் பிறந்த பண்டம். எல்லாவற்றுக்கும் மேலே பழைய டியூப். ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு இனி ஒட்ட இடமில்லை என்று ஆன டியூபை நீளவாக்கில் கிழித்தால் நாடா. அதைக் கேரியர் கம்பிகளில் நெருக்கமாகப் பின்னினால் கட்டில் கயிறு. ஹேண்டில்பாரில் சுற்றினால் கைக்குப் பிடி. மட்கார்டின் கம்பிக்கும் சட்டத்துக்கும் நடுவில் துண்டு வைத்தால் கடகடச் சத்தம் நிற்கும். மலாயாப் பாலுக்கு இங்கே இரண்டாவது பிறவி.

இவற்றில் ஒரு நுட்பம் உண்டு. ஸ்பிரிங் அடியை வாங்கிக்கொள்ளும், பிறகு திருப்பித் தந்துவிடும். அதனால்தான் வெறும் சுருள் மட்டும் உள்ள சீட் பள்ளம் முடிந்த பிறகும் ஆடிக்கொண்டிருக்கும். சாக்கும் ரப்பரும் தோலும் வாங்கியதில் ஒரு பங்கைத் தமக்குள் உரசிச் சூடாக்கித் தீர்த்துவிடும். பொறியியல் கல்லூரியில் இதற்கு ஒரு பாடமே இருக்கிறது. முட்டை வியாபாரி அந்தப் பாடத்தைக் கூடையில் வைத்திருந்தார். கேரியரில் கட்டிய கூடையில் முட்டைக்கு நடுவில் வைக்கோல் திணிப்பாரே தவிர, யாராவது ஸ்பிரிங் வைத்துப் பார்த்ததுண்டா? வைக்கோல் திருப்பி அடிக்காது. உடைந்தால் நஷ்டம் தனக்கு என்று ஆனதும் அதிர்வைப் பற்றிய அறிவு தானாக வந்துவிடுகிறது. சுமக்கப்படுவது ஆளாக இருந்தால் நஷ்டம் யார் கணக்கிலும் ஏறாது. முதுகுவலி முட்டையைப் போலச் சிந்திக் காட்டுவதில்லை.

சாலையையே சீராக்குவது இன்னொரு வழி, ரொம்பச் செலவான வழி. அமெரிக்கச் சைக்கிள்காரர்கள் 1880இல் சங்கம் கூடி நல்ல சாலை கேட்டு ஓயாமல் கத்தினார்கள். மோட்டார்க்காரர்கள் பின்னால் வந்து அதை அனுபவித்தார்கள். நெல்லிக்குப்பத்துக்காரர்களுக்கு நல்ல சாலை செய்யும் வித்தியாசத்தைப் பார்க்க அமெரிக்கா போக வேண்டியதில்லை, பண்ருட்டி தாண்டி நெய்வேலி போனால் போதும். ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது தலைகாட்டிய பழுப்பு நிலக்கரிக்காக 1956இல் அங்கே ஒரு நிறுவனமும், அதற்கென ஒரு நகரியமும் வந்தன. கோடு போட்டுப் பிரித்த வட்டங்கள், மரங்களுக்கு நடுவில் அகலமான தார்ச் சாலைகள். ஷிப்ட்டுக்குப் போகும் சைக்கிளுக்கு அந்தச் சாலைதான் ஸ்பிரிங். நெல்லிக்குப்பத்தில் அதே ஹெர்குலிஸுக்குச் சாக்கு தேவைப்பட்டது. கரும்பு வண்டியின் சக்கரத்தை மாற்றினால் சாலையும் பிழைக்கும், மாடும் பிழைக்கும் என்று பெங்களூர் ஐ.ஐ.எம்.மின் முதல் இயக்குநர் என்.எஸ். ராமசாமி 1970களில் ஊர் ஊராகப் பேசினார். மேலாண்மை நிறுவனத்தின் தலைவர் மாட்டு வண்டியைப் பற்றிப் பேசுவதா என்று சிரித்தவர்களும் இருந்தார்கள்.

1990களில் ஷாக் அப்சார்பர் வைத்த சைக்கிள் வந்தது. அமெரிக்காவில் மலையிறங்கும் பந்தயத்துக்காக உருவான முன் ஃபோர்க்கின் மலிவுப் பதிப்பு. பையன்கள் அதைத்தான் கேட்டார்கள். பார்க்க மோட்டார் சைக்கிள் சாயல். விலையை இறக்குவதற்காக மலிவு வண்டிகளில் பெரும்பாலும் உள்ளே சுருளை மட்டும் வைத்தார்கள், ஆட்டத்தை அடக்கும் எண்ணெய்ப் பகுதியை விட்டுவிட்டார்கள். விளைவு, வண்டி கனத்தது. ஏற்றத்தில் எழுந்து மிதித்தால் கால் வலிமையில் ஒரு பங்கு ஃபோர்க்கை அமுக்குவதிலேயே போனது. அகலமான டயரும் அளவான காற்றும் இதைவிடக் குறைந்த செலவில் இதைவிட நன்றாக வேலை செய்திருக்கும். ஆனால் காற்றைக் கடையில் தொங்கவிட்டு விற்க முடியாதே! அஸ்ஸாமின் மோரிகானைச் சேர்ந்த கனக் தாஸ் வேறு தினுசாக யோசித்தார். குலுக்கலைத் தடுப்பானேன், பிடித்து வேலை வாங்குவோம் என்று, பள்ளத்தில் ஸ்பிரிங் அமுங்கும் விசையைப் பின்சக்கரத்தை ஓட்டுவதற்குத் திருப்பிவிடும் சைக்கிளைச் செய்தார். தேசிய புத்தாக்க அறக்கட்டளை அவரைப் பாராட்டியது. அந்தச் சைக்கிள் கடைக்கு வந்து குவியவில்லை. எங்கள் சாலைகளில் ஓடியிருந்தால் மிதிக்காமலே கடலூர் போயிருக்கலாம்.

அதிர்வின் வரலாற்றில் தமிழ்நாட்டின் பெரிய திருப்பம் எந்தப் பட்டறையிலும் நடக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் நடந்தது. அறிவொளி இயக்கத்தில் எழுத்துப் படித்த பெண்களுக்குச் சைக்கிளையும் சேர்த்துக் கற்றுத்தர முடிவெடுத்தார் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். வங்கிக் கடனுக்கும் வழி செய்தார். 1992 மகளிர் தினத்தில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். ஒரு லட்சத்துக்கும் மேலான பெண்கள் அந்த இயக்கத்தில் ஓட்டக் கற்றார்கள் என்று பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். கேரியரிலிருந்து சீட்டுக்கு நகர்ந்ததில் அவர்களுக்குக் கிடைத்தவற்றில் சுதந்திரத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். முதுகெலும்புக்குக் கிடைத்ததை நான் குறித்து வைக்கிறேன். இரண்டு சென்டிமீட்டர் ஒன்றரையானது, நடுவில் சுருளும் தோலும் வந்தன.

அப்போது லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. பெண்கள் ஜென்ட்ஸ் வண்டியையே வாங்கினார்கள். பலர் அதையே விரும்பினார்கள் என்றும் சாய்நாத் எழுதுகிறார். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பது காரணம். கை வளையத்துக்குள், கண் பார்வையில் குழந்தை. அம்மாக்கள் பாதுகாப்பைத்தான் பார்த்தார்கள். ஆனாலும் மேலே போட்ட கணக்கின்படி, கூட வருபவருக்கு அந்த வண்டியில் ஆகக் குறைவாக எழும்பும் இடமும் அதுதான்.

பத்தாண்டு கழித்து 2001-02இல் அரசு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. முதலில் பதினொன்றாம் வகுப்பு ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு. பிறகு மற்ற மாணவ மாணவிகளுக்கும். மாணவிகளுக்கு வந்தது லேடீஸ் வண்டி, பாவாடைக்கும் சேலைக்கும் வசதியாகப் பார் இல்லாத சட்டம். அக்காவுக்குச் சீட்டில் ஸ்பிரிங் இருந்தது. பார் இல்லாததால் தம்பி கேரியருக்குப் போனான். அங்கே அதே நாலு கம்பி.

(அடுத்த இதழில்: வாடகை சைக்கிளும் குரங்குப் பெடலும்)